இளிவரலும் பெருமிதமும்: உடற்குறை பற்றிய தமிழ் இலக்கியப் பார்வை – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்று கூறியிருப்பதைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். அவற்றுள் இளிவரல் என்பது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றின்வழிப் பிறக்கும். பெருமிதம் என்பது கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றின்வழிப் பிறக்கும். தமிழ் இலக்கியத்தில் உடற்குறை உடையோர் எந்த மெய்ப்பாட்டின் கீழ்க் காட்டப்பட்டுள்ளனர் என்னும் வினாவை எழுப்பினால், நகை, இளிவரல், மருட்கை ஆகிய மூன்றே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கின்றன. பெருமிதத்திற்குரியோராக அவர்கள் வாசிக்கப்பட்ட இடங்கள் மிகச் சில.

மேலைநாடுகளில் ‘உடற்குறைப் பெருமிதம்’ என்னும் கருத்து ஓர் இயக்கமாக வளர்ந்துள்ளது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990 ஜூலை 26ஆம் நாள் கையொப்பமானது. அதே ஆண்டில் பாஸ்டன் நகரில் பெருமித நாள் கொண்டாடப்பட்டது. 2004இல் சிகாகோவில் பெருமித ஊர்வலம் தொடங்கியது. இன்று ஜூலைத் திங்கள் பல நாடுகளில் இதற்குரிய மாதமாகப் போற்றப்படுகிறது. ஒருவர் தம் உடலைக் குறித்து நாணவோ மன்னிப்புக் கோரவோ வேண்டியதில்லை என்பதும், அவ்வுடலோடு எவ்விடத்திலும் புழங்குவது அவரது உரிமை என்பதும் இவ்வியக்கத்தின் இரு கூறுகள். இவ்விரண்டையும் இறக்குமதிச் சரக்காகக் கருதுவோர் நம்மிடையே உளர். தமிழ் மரபுக்குள்ளேயே இவற்றுக்கான தடயங்கள் உண்டு என்பதும், நாம் அவற்றைக் கடந்துசென்று வேறொன்றையே கற்பித்து வந்துள்ளோம் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

சொல்லும் இலக்கணமும்

முதலில் சொற்களை நோக்குவோம். ‘ஊனம்’ என்பது குறைவு எனப் பொருள்படும் வடசொல்வழி வந்தது. மலேசியத் தமிழ் நாளேடுகளும் வானொலியும் நெடுங்காலமாக ‘உடற்பேறு குறைந்தோர்’ என்னும் தொடரைப் பயன்படுத்தி வருகின்றன. ‘ஓராங் கூராங் உப்பாயா’ என்னும் மலாய்த் தொடரின் தாக்கம் இதில் தெரிகிறது. மலாய்த் தொடர் ஆற்றல் குறைந்தவர் என்ற அளவில் நிற்கிறது. தமிழ்த் தொடரோ ‘பேறு’ என்ற சொல்லால், முன்வினைப் பயனாகக் கிட்டும் நன்மை ஒன்று இவர்க்கு வாய்க்கவில்லை என்ற குறிப்பையும் சேர்த்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டளவில் ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் அரசு வழக்கிலிருந்து நீங்கி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்பது நிலைபெற்றது. இந்திய நடுவண் அரசு 2016இல் ‘திவ்யாங்ஜன்’ என்ற இந்திச் சொல்லைத் துறையின் பெயரில் ஏற்றது. தெய்விக உறுப்பினர் என்னும் அப்பெயரை மாற்றுத்திறனாளிகள் பலரே மறுத்தனர்.

இப்பெயர்களை மலேசியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தோடு (சட்டம் 685) ஒப்பிடுவது பயனுடையது. நீண்டகால உடல், மன, அறிவு, புலன் குறைபாடுகள் பல்வேறு தடைகளோடு சேரும்போது சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க இயலாமற் போகக்கூடும் என்ற அடிப்படையில் அச்சட்டம் வரையறை தருகிறது. குறைபாடு மட்டும் ஒருவரை இயலாதவராக்குவதில்லை. தடையும் சேர்ந்தே ஆக்குகிறது என்பது இதன் கருத்து. ஆனால் சட்டத்தின் பெயரிலேயே ‘கூராங் உப்பாயா’ நிற்கிறது. வரையறை தடையைச் சுட்ட, பெயர் ஆளைச் சுட்டுகிறது. ‘மாற்றுத்திறனாளி’ என்பதும் இழிவை நீக்கிய நல்ல சொல்லேயாயினும், தடையைப் பற்றி அது ஒன்றும் பேசுவதில்லை. இக்கட்டுரையில் வழக்குக் கருதி அச்சொல்லையே நாம் ஆள்கிறோம். தமக்குரிய பெயரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இறுதியில் அவர்களுக்கே உரியது.

இலக்கணமும் இவ்விடத்தில் கருதத்தக்கது. உயர்திணைக்கு உரியனவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைக் கிளவியாக்கத்தில் தொகுக்கும் தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாக உறுப்பின் கிளவியைக் குறிப்பிடுகிறார். குருடு, முடம் முதலியவற்றை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். ‘குருடு வந்தது’ என்பது அவ்வகையில் வழுவற்ற தொடர். அன்றைய மக்கள் வழக்கை இலக்கணி பதிவு செய்தார் என்பது உண்மையே. எனினும் உறுப்பில் ஒரு குறை இருந்தால் ஆளின் திணையே மாறிவிடக்கூடும் என்ற ஒரு மனப்பாங்கினை இப்பதிவு நமக்குக் காட்டித் தருகிறது. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்கு எண்வகை எச்சங்களை எடுத்துரைக்கும்போது கண்ணற்றோரையும் காதற்றோரையும் கூனரையும் குறளரையும் விலங்கு வடிவினதாகிய பிறப்போடு ஒரே வரிசையில் வைப்பதும் இம்மனப்பாங்கின் தொடர்ச்சியே.

நகை: அரண்மனையின் பார்வை

மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த இளம்பூரணர், நகை தோன்றும் இடங்களைத் தொகுத்துக் கூறும் செயிற்றியனார் நூற்பா ஒன்றைக் காட்டுகிறார். முடவரின் நடை அதில் நகைக்குரிய களன்களுள் ஒன்றாக இடம்பெறுகிறது. திரைப்படங்களிலும் பள்ளி நாடகங்களிலும் திக்குவாயும் குள்ள உருவமும் இன்றும் சிரிப்புக்குப் பயன்படுவதைக் காணும்போது, இந்நூற்பா எத்துணை நீண்ட ஆயுளைப் பெற்றுள்ளது என்பது விளங்கும்.

கலித்தொகையின் 94ஆம் பாடல் இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. மருதக்கலியில் அமைந்த இப்பாடல் கூனி ஒருத்திக்கும் குறளன் ஒருவனுக்கும் இடையே நிகழும் உரையாடல். இருவரும் அரண்மனைப் பணியாளர். அகத்திணையின் நடுவணிடம் மறுக்கப்பட்ட அடியோர், வினைவலர் மரபைச் சேர்ந்தோர். அவன் அவளை விரும்பி அழைக்கிறான். அவள் அவனது குறுமையை எள்ளுகிறாள். அவன் அவளது வளைவை எள்ளுகிறான். வகுப்பறைகளில் இப்பாடல் பெரும்பாலும் நகைச்சுவைக்குச் சான்றாக எடுத்தாளப்பட்டு, அவ்வளவில் முடிக்கப்படுகிறது.

பாடலின் இறுதிப் பகுதியை ஊன்றி நோக்கினால் வேறொன்று தென்படும். இனி ஒருவரையொருவர் இகழ்வதில்லை என்று இருவரும் இசைகின்றனர். அரண்மனையில் உள்ளோர் கண்டு சிரிக்காதபடி சோலைப்புறம் செல்வோம் என்கின்றனர். இகழ்ச்சி அவர்களுக்குள் பிறந்ததன்று என்பதைப் புலவர் இங்கு உணர்த்திவிடுகிறார். அரண்மனையின் பார்வையே அவர்கள் வாயில் இகழ்ச்சியாக ஒலித்திருக்கிறது. அப்பார்வை எட்டாத இடத்தை நாடும்போது இகழ்ச்சியும் அடங்குகிறது. காமம் என்னும் உரிப்பொருளை உடற்குறை உடைய இருவர்க்கும் உரியதாக்கி, அவர்களையே பேசவைத்து, சிரிப்பின் ஊற்று எங்குள்ளது என்பதையும் இப்பாடல் சுட்டிவிடுகிறது. சிரிப்பைக் கற்பித்துச் சோலையைக் கற்பிக்காமல் விடுவது பாடலின் பாதியை மறைப்பதாகும்.

இளிவரல்: பெறுவோராக மட்டும்

மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரைச் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, பிச்சையேற்று வந்த உணவைப் பார்வையற்றோர்க்கும் செவியற்றோர்க்கும் கால் முடங்கியோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் நோயுற்றோர்க்கும் பகிர்ந்தளித்த பின்னரே தான் உண்கிறான். அமுதசுரபி அவன் கைக்கு வருவது இதன் பின்னரே. பசிப்பிணி நீக்குதலை அறங்களுள் தலையாயதாக உயர்த்திய காப்பியம் இது. சமூகம் ஒதுக்கிய எல்லாரையும் ஓர் அம்பலத்தில் ஒன்றாக அமர்த்திய சாத்தனாரின் உள்ளம் போற்றத்தக்கது. ஆயினும் அவ்வம்பலத்தில் உண்போர்க்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை. அவர்கள் எங்கிருந்து எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதும் இல்லை. கொடுப்போனின் அறம் விளங்குவதற்குரிய களனாகவே அவர்கள் நிற்கின்றனர்.

இம்முறை நம் காலம் வரை நீடிக்கிறது. தீபாவளிக்கு முன்னர் இல்லங்களுக்குச் சென்று அரிசியும் எண்ணெயும் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வது நம் அமைப்புகளின் வழக்கம். பெறுவோர் அந்நிகழ்ச்சிகளில் பேச அழைக்கப்படுவது அரிது. கொடை என்பது தொல்காப்பியத்தில் பெருமிதத்தின் நிலைக்களன். கொடுப்போர்க்குப் பெருமிதமும் பெறுவோர்க்கு இளிவரலும் என்று பங்கிட்டுவிட்ட நிலையிலிருந்து நாம் இன்னும் வெளிவரவில்லை.

மானிடப் பிறவியின் அருமையைப் பேசும் ஔவையார் தனிப்பாடல் ஒன்றும் இங்குக் கருதற்குரியது. கூனும் குருடும் செவிடும் நீங்கிப் பிறத்தல் அரிது என்னும் கருத்து அதில் அடுக்கப்படுகிறது. பேச்சுப் போட்டிகளில் சிறுவர் மனப்பாடமாக ஒப்புவிக்கும் பாடல் இது. ஒப்புவிக்கும் வகுப்பில் செவிப்புலன் கருவி அணிந்த மாணவி ஒருத்தி அமர்ந்திருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமா? 2019 முதல் நம் நாட்டில் எந்தச் சிறப்புத் தேவை மாணவரையும் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கை நடைமுறையில் உள்ளது. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்புகள் நடைபெறுகின்றன. அப்பாடலை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. காலம் கடந்த மதிப்பீடு ஒன்று அதில் இருக்கிறது என்பதை ஆசிரியர் எடுத்துக்கூறிக் கற்பிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

திருக்குறளின் 618ஆம் குறட்பா உரை வேறுபாட்டுக்குத் தக்க சான்று. பொறியின்மை பழியன்று, அறிவறிந்து முயலாமையே பழி என்பது அதன் சாரம். ‘பொறி’ என்பதற்குப் பரிமேலழகர் பயன் தரும் விதி என்று பொருள் கொண்டார். இக்கால உரையாசிரியருள் சாலமன் பாப்பையா உடலுறுப்பு எனக் கொண்டார். இரண்டாம் பொருள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஆதரவானது என்று மேடைகளில் மகிழ்ந்து கூறப்படுகிறது. ஒருவகையில் அது உண்மையே. உறுப்புக் குறை பழியன்று எனல் பெரிய விடுதலை. ஆனால் குறளின் பிற்பாதியோடு சேர்த்துப் படிக்கும்போது முழுச் சுமையும் தனிமனித முயற்சியின்மேல் ஏற்றப்படுவதைக் காண்கிறோம். படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தின் முன் சக்கர நாற்காலியில் இருப்பவர் எத்துணை முயன்றாலும் மேலே செல்ல இயலாது. அங்குப் பழி யாருக்கு உரியது என்னும் வினாவைக் குறளுக்கு உரை கூறும் ஆசிரியர் வகுப்பில் எழுப்பலாம்.

மருட்கை: அற்புதத்தில் மறைந்த கயிறு

உடற்குறையை நோக்கும் முறைகளை வியப்பு, இரக்கம், அயன்மை, இயல்பு என நான்காக வகுத்தவர் அமெரிக்கத் திறனாய்வாளர் ரோஸ்மேரி கார்லண்ட்-தாம்சன். அவர் கூறும் வியப்பு நம் மருட்கையோடு பெரிதும் ஒத்துப்போகிறது. நம் பக்தி இலக்கியம் இவ்வகையில் செழித்தது. ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் பேச்சுப் பெற்றதாக அவர் வரலாறு கூறும். பெரியபுராணத்தில் தண்டியடிகள் கண் பெறுகிறார். இவ்வரலாறுகளில் உடற்குறை என்பது நீங்குவதற்காகவே இடம்பெறுகிறது. நீங்காத குறையோடு வாழ்ந்து முடித்த அடியார்க்கு இக்கதையமைப்பில் இடம் கிடைப்பது கடினம்.

தண்டியடிகள் புராணத்தைச் சற்று விரிவாகக் காண்போம். திருவாரூரில் பிறவியிலேயே பார்வையற்றவராகிய அவர், கோயிற் குளம் தூர்ந்து குறுகியதைக் கண்டு, அதைத் தாமே தோண்டிப் பெருக்க முனைகிறார். குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்து, அக்கயிற்றைத் தடவியவாறே மண்ணைச் சுமந்து கரையேற்றுகிறார். சமணர் அவரை எள்ளுகின்றனர். மண்வெட்டியையும் கூடையையும் பறிப்பதோடு, தறியையும் கயிற்றையும் அகற்றிவிடுகின்றனர். பின்னர் இறைவன் அருளால் அவர் கண்பெறவும், எதிர்த்தோர் கண்ணிழக்கவும் புராணம் முடிகிறது.

புராணத்தின் முடிவு இருவகையில் சிக்கலானது. பார்வை பரிசாகவும் பார்வையின்மை தண்டனையாகவும் அமைகின்றன. சமயப் பூசலின் கருவியாக ஓர் உடற்குறை பயன்படுகிறது. இவை கண்டிக்கத்தக்கவை. ஆனால் சேக்கிழார் விரிவாக எடுத்துரைத்த அந்தக் கயிற்றை நாம் எவ்வாறு மறந்தோம்? பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் காப்பியம் ஒன்றில், பார்வையற்ற ஒருவர் தம் பணிக்குத் தாமே வழி அமைத்துக்கொள்கிறார். யாரிடமும் இரக்கவில்லை, கண் கிடைக்கும் வரை காத்திருக்கவும் இல்லை. கயிறு இருந்தவரை அவர் பணி தடையின்றி நடந்தது. கயிறு பறிக்கப்பட்டபோதே அவர் செயலற்றவரானார். குறை உடலில் இல்லை, தடையில் உள்ளது என்று பிரித்தானியாவின் மைக் ஆலிவர் 1980களில் ‘சமூக மாதிரி’ எனப் பெயரிட்டு விளக்கியதைச் சேக்கிழாரின் கதைநிகழ்ச்சி ஏற்கெனவே காட்டியுள்ளது. நாம் மேடையில் அற்புதத்தைப் பேசினோம். கயிற்றைக் கடந்து சென்றோம்.

சுந்தரர் வரலாற்றிலும் இதனையொத்த ஓர் இடம் உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியார்க்குக் கொடுத்த சூளுரையை மீறியதால் அவர் கண்ணிழக்கிறார். திருவெண்பாக்கத்தில் இறைவன் அவர்க்கு ஊன்றுகோல் ஒன்றை அருள்கிறார். பின்னர்க் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் மீள்கின்றன. அக்காலத்துப் பதிகங்களில் சுந்தரர் இறைவனை இரந்து நிற்கும் குரலை விட, உரிமையோடு வழக்காடும் குரலே மேலோங்கி ஒலிக்கிறது. இக்குரல் இளிவரலைச் சேர்ந்ததாகாது. வெகுளியும் பெருமிதமும் கலந்த குரல் அது.

பெருமிதம்: புலவர் மரபும் புதுமைக் குரல்களும்

பெருமிதத்தின் முதல் நிலைக்களன் கல்வி. பார்வையற்ற புலவர் மரபு தமிழில் வலுவானது. பதினேழாம் நூற்றாண்டின் அந்தகக்கவி வீரராகவ முதலியார் திருக்கழுக்குன்றப் புராணமும் திருவாரூர் உலாவும் சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் பாடியவர். முதுகில் எழுத்துகளை வரையச் செய்து அவர் கல்வி பெற்றார் என்பது வழிவழிச் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழனியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையிலேயே அம்மையால் பார்வையிழந்து, பெரும்புலவராக விளங்கினார். இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் கால் இயலாதவர். நடக்க இயன்றவர் தோளில் காண இயன்றவர் அமர்ந்து செல்ல, வெண்பாவின் முற்பகுதியை ஒருவரும் பிற்பகுதியை மற்றவரும் பாடினர் என்பர். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் படைப்புகள்.

இலக்கிய வரலாற்று நூல்கள் இவர்களை வியப்புக்குரியோராக மட்டும் அறிமுகப்படுத்துகின்றன. ‘கண் இல்லாமலே இத்தனை பாடினார்’ என்னும் தொடரில் வியப்பு உண்டு; திறனாய்வு இல்லை. முதுகில் எழுதிக் காட்டிய கை யாருடையது, ஏட்டைப் படித்துக் காட்டியவர் யார், பாடலை எழுதிக்கொண்டவர் யார் என வினவும்போதே கல்வி என்பது பலர் சேர்ந்து அமைக்கும் வழி என்பது புலனாகும். இரட்டைப் புலவரின் தோள் நமக்கு உணர்த்துவதும் இதனையே. பிறர் துணையின்றி நிற்பதே உயர்வு என்னும் எண்ணத்தை அவர்கள் வாழ்வு ஏற்கவில்லை. ஒருவரையொருவர் சார்ந்து நின்றதை அவர்கள் தாழ்வாகக் கருதியதாகவும் தெரியவில்லை.

இக்கால இலக்கியத்தில் இரு படைப்புகளைச் சுட்டலாம். ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ (2003) பழனியை மையமாகக் கொண்டு, உடற்குறை உடையோரைப் பிச்சைக்காக விற்றும் வாங்கியும் பிழைக்கும் உலகைக் காட்டுகிறது. அவர்களைக் குறிக்க வணிகர் ஆளும் ‘உருப்படி’ என்னும் சொல், இலக்கணத்தின் உறுப்பின் கிளவி எந்த எல்லை வரை செல்லக்கூடும் என்பதற்குக் கொடிய சான்று. அவர்களுக்குள் நிகழும் கேலியும் பாசமும் அப்புதினத்தின் வலிமை. இங்கே சிரிப்பவர்கள் அவர்களே. எனினும் அது வெளியிலிருந்து எழுதப்பட்டது. மனுஷ்ய புத்திரனின் ‘கால்களின் ஆல்பம்’ என்னும் கவிதை உள்ளிருந்து எழுந்தது. இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட கவிஞர் தம் உடலைத் தாமே சொல்லாக்கும்போது, இரங்குவதற்கோ வியப்பதற்கோ வாசகர்க்கு எளிய இடம் கிடைப்பதில்லை. தம்மைப் பற்றித் தாமே பேசுதல் பெருமிதத்தின் தொடக்கம். மலேசியத் தமிழ்ச் சிறுகதைப் போட்டிகளும் புதுக்கவிதைப் பட்டறைகளும் இத்தகைய எழுத்தாளர்களைத் தேடி அழைக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் முதல் தெலுக் பங்லிமா காராங் வரை

இலக்கியத்தில் கண்ட கயிற்றை இனி நம் தெருவில் காண்போம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தோன்றியது. அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்சில் அமைந்துள்ளது. இதனால் அப்பகுதி பல்லாண்டுகளாகப் பார்வையற்றோர் வாழும், பணிபுரியும், மசாஜ் நிலையங்கள் நடத்தும் இடமாக விளங்குகிறது. நடைபாதைகளில் பதிக்கப்பட்ட மஞ்சள் நிறத் தொட்டுணர் தடங்கள் தண்டியடிகளின் கயிற்றுக்கு இக்கால வடிவம். 2010 அக்டோபரில் துன் சம்பந்தன் சாலைப் பகுதி ‘லிட்டில் இந்தியா’வாகத் திறந்துவைக்கப்பட்டது. நம் பண்பாட்டின் காட்சிக்கூடமாகிய அத்தெருவில், அத்தடங்களின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவோரும் விற்பனைப் பொருள்களைப் பரப்புவோரும் உளர். பகைமையால் அவர்கள் அவ்வாறு செய்வதில்லை. ஆனால் விளைவு ஒன்றே: கயிறு அகற்றப்படுகிறது.

பிரிக்பீல்ட்சில் தடமாவது உண்டு. கோலலங்காட் மாவட்டத்தில் கிள்ளான்–பந்திங் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தெலுக் பங்லிமா காராங் போன்ற ஊர்களின் நிலை வேறு. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும், கேரித் தீவும், ஊருக்குள் தடையற்ற வணிகத் தொழிற்பேட்டையும் உள்ள இடம் அது. தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இத்தகைய தொழிற்பேட்டைகளை நம்பி வாழ்கின்றன. உடற்குறை பிறப்பில் வருவது மட்டுமன்று. இயந்திரமும் சாலை விபத்தும் நீரிழிவும் அதனைத் தருகின்றன. தொல்காப்பியர் உறுப்பறை என்பதை வெகுளியின் நிலைக்களனாக வைத்தார். இளிவரலின் கீழ் வைக்கவில்லை. தொழிலில் விரலோ கையோ இழந்தவர்க்கு இரக்கத்தை மட்டும் அளிக்கும் சமூகம் இந்நுட்பத்தை உணர வேண்டும். 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தரும் இழப்பீடும் மறுவாழ்வும் உரிமையே. அதனைக் கேட்டுப் பெறுவதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

சட்டம் 685இன் 26, 27, 28ஆம் பிரிவுகள் முறையே பொது வசதிகள், போக்குவரத்து, கல்வி ஆகியவற்றில் சம வாய்ப்பைப் பேசுகின்றன. ஆயினும் மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. 41ஆம் பிரிவு அரசுக்கு எதிரான வழக்குகளிலிருந்து காப்பளிக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)ஆம் உறுப்பு தடைசெய்யும் பாகுபாட்டுக் காரணங்களுள் உடற்குறை இடம்பெறவில்லை. 2010இல் மலேசியா ஐக்கிய நாடுகளின் உடன்பாட்டை ஏற்புறுதி செய்த பின்னரும் இக்குறை நீடிக்கிறது. சட்டத்தின் வலுவின்மையைக் காட்டிச் சமூகம் தன் கடமையினின்று தப்பிக்கவும் இயலாது. பத்துமலையின் 272 படிகள் நம் பக்தியின் அடையாளம். அங்கு மின்படிக்கட்டு அமைப்பது பற்றி அண்மை ஆண்டுகளில் பேசப்பட்டு வருகிறது. ஊர்க்கோயில்களிலும் திருமண மண்டபங்களிலும் ஒரு சரிவுப்பாதை அமைக்க அத்தகைய பெருந்திட்டம் தேவையில்லை. மண்டபத்தின் கழிவறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருந்தால் எத்தனையோ முதியோர் திருமணங்களுக்கு வர இயலும்.

வகுப்பறையும் ஆய்வுத்துறையும்

தெலுக் பங்லிமா காராங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பார்வையற்ற மாணவன் ஒருவன் சேர்வதாக வைத்துக்கொள்வோம். அவனுக்குத் தமிழ் கற்பிக்க இயலாது என்ற எண்ணமே பலர்க்கு முதலில் தோன்றும். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைக்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் தமிழும் அடங்கும். அது ஒலி அடிப்படையில் அமைந்ததால் க, ப, ம, ர, ல போன்ற எழுத்துகளின் புள்ளிகள் மலாய், ஆங்கில பிரெய்லின் ஒத்த எழுத்துகளோடு பொருந்துகின்றன. மலாய் பிரெய்ல் அறிந்த மாணவன் தமிழ் பிரெய்லின் ஒரு பகுதியை முன்னரே அறிந்தவனாவான். தமிழாசிரியர் பயிற்சியில் சில மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். மாணவன் ஒருவன் தாய்மொழிக் கல்வியை இழக்காமல் காக்கலாம். நூல்களை இத்தகைய வடிவங்களுக்கு மாற்றுவதில் உள்ள பதிப்புரிமைத் தடையை நீக்கும் 2013ஆம் ஆண்டு மராக்கேஷ் உடன்படிக்கையில் இந்தியா 2014இலும் மலேசியா 2022இலும் இணைந்துள்ளன. ஆகவே சட்டத் தடையைக் காரணமாகக் கூறும் காலமும் கடந்துவிட்டது.

ஆய்வுத்துறைக்கும் இதில் பங்குண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்னர்த் தமிழ் ஆய்வேடுகளும் இதழ்களும் வெவ்வேறு எழுத்துரு முறைகளில் அச்சுக்கோக்கப்பட்டன. இன்று அவை இணையத்தில் கிடைத்தாலும், பல வெறும் படங்களாகவோ குறியீட்டுக் குழப்பங்களாகவோ உள்ளன. திரைவாசிப்பு மென்பொருளால் அவற்றைப் படிக்க முடிவதில்லை. தமிழை ஒலிக்கும் இலவசத் திரைவாசிப்பான்கள் இன்று உள்ளன. தடை மென்பொருளில் இல்லை. நாம் பாதுகாத்து வைத்துள்ள கோப்புகளில் உள்ளது. பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவர் சங்க இலக்கிய ஆய்வுகளைப் படிக்க விரும்பினால், அக்கட்டுரைகள் அவர்க்கு எட்ட வேண்டும். பழைய இதழ்களை யூனிகோடில் மீளப் பதிப்பித்தல் நம் துறைகள் மேற்கொள்ளத்தக்க கயிறு கட்டும் பணி.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. தமிழ் இலக்கியம் உடற்குறை உடையோரை நகைக்கும் இளிவரலுக்கும் மருட்கைக்கும் உரியோராகப் பெரிதும் காட்டியிருப்பினும், அம்மூன்றையும் மீறும் குரல்களும் அதற்குள் உண்டு. கலித்தொகையின் சோலை, தண்டியடிகளின் கயிறு, சுந்தரரின் வழக்காடல், இரட்டைப் புலவரின் தோள் ஆகியவை அத்தகையன. அவற்றை வெளிக்கொணரும் வாசிப்பைத் தமிழாசிரியர் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். சொற்களைத் திருத்துவது தேவையானதே. ஆயினும் பெயரை மாற்றிவிட்டுப் படிக்கட்டை அப்படியே விட்டால் மாற்றம் ஏட்டளவில் நின்றுவிடும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் அனைத்துலக மாற்றுத்திறனாளிகள் நாளாகப் போற்றப்படுகிறது. அந்நாளில் தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் தன் வாயிலிலிருந்து வகுப்பறை வரை சக்கர நாற்காலி ஒன்றை உருட்டிச் சென்று பார்க்கட்டும். எங்கே நிற்கிறதோ அங்கே குறித்துக்கொள்ளட்டும். தண்டியடிகள் புராணத்தை அவ்வாண்டு கற்பிக்கும் ஆசிரியர், மாணவர்களிடம் கயிற்றை முதலில் நட்டவர் யார் என்று மட்டும் கேட்டு அமையாமல், அதைப் பறித்தவர் யார் என்றும் கேட்கட்டும். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவர் தம் பள்ளி நடைபாதையில் நிறுத்தப்பட்டுள்ள வண்டியையும் காண்பர்.